கத்திரி வெயிலும் கதவு போட்ட டிவி அலமாரியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மே முதல் வாரத்தில் கத்திரி தொடங்கியதுமே எந்தெந்த ஊரில் வெயில் சதமடித்தது என்ற பட்டியல் நாளிதழ்களில் இடம்பிடித்துவிடும். வேலூர், திருத்தணி, கரூர் பரமத்தி, மதுரை என்று நீளும் அந்தப் பட்டியலில் உள்ள 100 டிகிரி ஃபாரன்ஹீட், செல்சியஸ் கணக்கில் 37.8 டிகிரி. ஸ்பீக்கர்களை இயக்கும் ஹோம் தியேட்டர் ரிசீவர்கள் பலவற்றின் கையேட்டிலும் பிளேஸ்டேஷன் 5 கையேட்டிலும், சாதனம் இருக்கும் இடத்தின் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று அச்சிட்டிருக்கிறார்கள். டிவிகளுக்குப் பெரும்பாலும் 40 டிகிரி. மொட்டை மாடிக்கு நேர்கீழே உள்ள கூடம், ஏசி இல்லாவிட்டால், கத்திரியில் இந்த எல்லையைத் தொட்டுவிடும். திறந்த மேசையில் இருக்கும்போதே விளிம்பில் நிற்கும் சாதனத்தைப் பிளைவுட் அலமாரிக்குள் வைத்துக் கண்ணாடிக் கதவையும் சாத்திவிட்டால் என்ன நடக்கும் என்பதையும், அதற்கு என்ன செய்யலாம் என்பதையும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். கோடையில் ஏசிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் எத்தனையோ யோசனைகள் அச்சாகின்றன. கூடத்து அலமாரியை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

டிவிக்குக் கீழே தச்சர் செய்து கொடுக்கும் ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். அகலம் 60 செ.மீ., ஆழம் 40, உயரம் 20. 18 மி.மீ. பிளைவுட். உள்ளே ஒரு செட்-டாப் பாக்ஸ், ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயர், ஒரு வைஃபை ரூட்டர். மூன்றும் சேர்ந்து 40 வாட் மின்சாரம் இழுப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஸ்பீக்கர் வழியே ஒலியாக வெளியேறுவது மிகச் சொற்பம். மற்றதெல்லாம் அந்த அறைக்குள்ளேயே சூடாக மாறுகிறது. பிளைவுட் சூட்டை எளிதில் கடத்தாது. கதவை மூடிவிட்டால், ஆறு பக்கப் பலகைகளின் வழியாகவே அந்த 40 வாட்டும் கசிந்து வெளியேற வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் உள்ளே இருக்கும் காற்று கூடத்தைவிட 17 டிகிரி அளவுக்குக் கூடுதலாகச் சூடாகும். பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தால் அதற்கும் மேல். கூடம் 36 என்றால் அலமாரிக்குள் 53. இது காற்றின் சூடு மட்டுமே. பெட்டிக்குள் இருக்கும் போர்டின் சூடு அதைவிட 15, 20 டிகிரி கூட இருக்கும்.

கணக்கை நம்ப வேண்டாம், அளந்தே பார்த்துவிடலாம். மீன் தொட்டிக்கென்று விற்கும் சிறிய டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். ஒரு மீட்டர் ஒயரும் நுனியில் ஒரு சென்சாரும் இருக்கும். சென்சாரை ஆம்ப்ளிஃபயருக்கு இரண்டு விரற்கடை மேலே தொங்கவிட்டு, ஒயரைக் கதவிடுக்கு வழியே வெளியே எடுத்து, கதவைச் சாத்தி, வழக்கம்போல இரண்டு மணி நேரம் படம் பார்க்கவும். அரை மணியில் எடுக்கும் அளவு பொய் சொல்லும். மரம் சூடேறவே நேரம் பிடிக்கும். கூடத்தின் சூட்டுக்கும் உள்ளே காட்டும் சூட்டுக்கும் 5 டிகிரிக்குள் வித்தியாசம் இருந்தால் கவலையில்லை. 10 என்றால் கத்திரிக்கு முன்னால் ஏதாவது செய்தாக வேண்டும். 15-ஐத் தாண்டினால் அன்றைக்கே கதவைக் கழற்றி வைப்பது நல்லது. தெர்மாமீட்டர் இல்லாதவர்களுக்கு விரலே அளவுகோல். சாதனத்தின் உலோக மேல்மூடியில் விரலை வைத்து ஐந்து நொடி பொறுக்க முடியவில்லை என்றால், அங்கே ஏறத்தாழ 60 டிகிரி இருக்கிறது.

சூடு எதைக் கெடுக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே புரியும். முதலில் சாவது எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர். பவர் சப்ளையில் சின்ன உருளைகளாக நிற்குமே, அதுதான். அதன் உள்ளே ஈரமான ஒரு திரவம் இருக்கிறது. சூட்டில் அது அடிப்பக்க ரப்பர் வழியே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போகும். மேல்பக்கத்து அலுமினியத்தில் கூட்டல் குறி போலவோ ‘கே’ எழுத்துப் போலவோ கீறியிருப்பார்கள். நல்ல கெபாசிட்டரில் அந்த இடம் தட்டையாக இருக்கும். கெட்டுப்போனதில் பூரி போல உப்பியிருக்கும். சிலவற்றில் கீறல் பிளந்து காப்பித்தூள் நிறத்தில் கசடு காய்ந்திருக்கும். 105 டிகிரி, 2000 மணி நேரம் என்று அதன் உடம்பிலேயோ தயாரிப்பாளரின் விவரத்தாளிலோ ஆயுள் குறித்திருப்பார்கள். சூடு 10 டிகிரி குறையும்போதெல்லாம் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது தொழிலில் எல்லோரும் பிடிக்கும் கணக்கு. அதன்படி 55 டிகிரியில் நிற்கும் கெபாசிட்டர் 64,000 மணி நேரம் தாங்கும். 75 டிகிரியில் 16,000 மணி நேரம். செட்-டாப் பாக்ஸ் போல நாள் முழுக்க ஓடும் சாதனத்துக்கு முதலாவது ஏழு வருடத்துக்கும் மேல், இரண்டாவது இரண்டு வருடத்துக்கும் குறைவு. விலை மலிவான அடாப்டர்களில் 85 டிகிரி கெபாசிட்டரையே போட்டுவிடுகிறார்கள். அதுவும் 2000 மணி நேர ரகமாக இருந்தால் 75 டிகிரியில் 4,000 மணி நேரம்தான். ஆறு மாதம்கூட முழுதாக வராது. பெட்டி அடிக்கடி தானாக அணைந்து எழுவது, முகப்பு விளக்கு மின்னிக்கொண்டே நிற்பது, பாதிப் படத்தில் உறைவது எல்லாம் பெரும்பாலும் இந்தச் சில ரூபாய் உருளையின் வேலை. போர்டே போய்விட்டது என்று சொல்லி முழுப் பெட்டியையும் மாற்றுகிறார்கள். புதுப் பெட்டியும் அதே அலமாரிக்குள்தான் போகிறது.

இரண்டாவது, ஈயப் பற்று. சூடாகி விரிவதும் ஆறிச் சுருங்குவதும் தினமும் நடந்தால் சிப்புக்கு அடியில் உள்ள நுண்ணிய இணைப்புகளில் விரிசல் விழும். எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுப் பெட்டியில் மூன்று சிவப்பு விளக்கு எரிந்து நின்றுபோன கதை இதுதான். 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அந்தப் பழுதுக்கான உத்தரவாதத்தை 3 ஆண்டுகளாக நீட்டி, அதற்காக 100 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்க வேண்டிவந்தது.

இனி அலமாரிக்கு வருவோம். தச்சர்கள் பின்பலகையில் ஓர் ஓட்டை போட்டுத்தான் தருகிறார்கள். ‘காத்துக்கும் ஆச்சு, ஒயருக்கும் ஆச்சு’ என்பார்கள். ஹோல்-சா என்ற வட்ட ரம்பத்தால் 60 மி.மீ. அளவில் போட்ட அந்த வட்டத்தின் பரப்பு 28 சதுர செ.மீ. அதில் எச்.டி.எம்.ஐ. கேபிள், டிஷ் ஒயர், இரண்டு பவர் கார்டு, ஸ்பீக்கர் ஒயர்க் கற்றை எல்லாம் போன பிறகு, மீதி இடத்தில் தூசி கம்பளித் துண்டு போலப் படிந்து அடைத்துக்கொள்கிறது. காற்று போவதற்கு விரல் நுழையும் இடம்கூட மிச்சமில்லை. காற்றுக்கு ஓர் ஓட்டை போதவும் போதாது. சூடான காற்று மேலே போக ஒரு வழி, குளிர்ந்த காற்று கீழே நுழைய இன்னொரு வழி, இரண்டும் வேண்டும். அடுக்களையில் புகைபோக்கி வேலை செய்வதும் இப்படித்தான். கதவிடுக்கைச் சாத்திவிட்டால் புகை கிளம்பாது.

எவ்வளவு பெரிய வழி என்பதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். 20 செ.மீ. உயர அறைக்குள், ஃபேன் இல்லாமல், உள்சூடு வெளிச்சூட்டைவிட 10 டிகிரிக்கு மேல் போகாமல் வைக்க வேண்டும் என்றால், 12 வாட் இழுக்கும் ஒரு செட்-டாப் பாக்ஸுக்குக் கீழே 66, மேலே 66 சதுர செ.மீ. திறப்பு வேண்டும். அதாவது 60 மி.மீ. ஓட்டை கீழே மூன்று, மேலே மூன்று. ஒயர் போகும் ஓட்டையை இதில் சேர்க்கக் கூடாது. 40 வாட் என்றால் மேலும் கீழும் தலா 220 சதுர செ.மீ.; 22-க்கு 10 செ.மீ. அளவில் ஒரு சன்னல். கொசுவலைக் கம்பி அடித்தால் அந்த வலையே ஏறத்தாழ பாதி வழியை மறைத்துவிடும், ஆகவே திறப்பை இரட்டிப்பாக்க வேண்டும். இவ்வளவு ஓட்டை போடுவதற்குப் பதில் பின்பலகையையே எடுத்துவிட்டு, அலமாரியைச் சுவரிலிருந்து 8, 10 செ.மீ. முன்னால் நகர்த்தி வைப்பது மேல் என்பது எங்கள் கருத்து. சுவரோடு பதித்த அலமாரி என்றால் கண்ணாடிக் கதவைக் கழற்றிவிட்டு, பிரம்புப் பின்னல் போட்ட கதவோ ஜாலி வெட்டிய கதவோ மாட்டலாம். ஜாலி என்ற பெயரில் நாலு பூ மட்டும் வெட்டிய கதவுகளும் வருகின்றன. அவை கண்ணுக்கு அழகுதான். காற்றுக்கு ஒன்றும் ஆகாது. மொத்தப் பரப்பில் 40 சதவீதமாவது திறந்திருக்க வேண்டும். பின்னல் கதவு வழியே ரிமோட் ஒளியும் போகும் என்பது கூடுதல் வசதி.

கதவை விட மனமில்லாதவர்களுக்கு ஃபேன் இருக்கிறது. கம்ப்யூட்டர் கேபினெட்டில் மாட்டும் 120 மி.மீ. ஃபேன் ஒன்றே போதும். சென்னை ரிச்சி தெருவிலும் எல்லா ஊர் கம்ப்யூட்டர் கடைகளிலும் கிடைக்கும். 40 வாட் சூட்டை 5 டிகிரி வித்தியாசத்துக்குள் வெளியேற்ற, நொடிக்கு 7 லிட்டர் காற்று நகர்ந்தால் போதும். 12 வோல்ட்டில் முழு வேகத்தில் ஓடும் சாதாரண 120 மி.மீ. ஃபேன் தடையில்லாத இடத்தில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு தள்ளும். ஆகவே 12 வோல்ட் ஃபேனுக்கு 9 வோல்ட் அடாப்டர் கொடுத்து ஓட்டலாம். வேகம் குறையும், இரைச்சல் அடங்கும், பேரிங்கும் நாள்படும். 80 மி.மீ. சிறிய ஃபேன் வாங்க வேண்டாம். அதே காற்றுக்கு அது வேகமாகச் சுழன்று சத்தம் போடும், படத்தில் மெதுவாகப் பேசும் இடத்தில் காதைக் குடையும்.

மாட்டும் இடம் முக்கியம். பின்பலகையின் மேல்பகுதியில், சாதனங்களுக்கு மேலே, காற்றை வெளியே தள்ளும்படி மாட்டுங்கள். பலகையில் 115 மி.மீ. வட்டம் வெட்டவேண்டும், நான்கு திருகாணி ஓட்டைகளும் ஒன்றுக்கொன்று 105 மி.மீ. தள்ளி வரும். ஃபேன் சட்டத்தின் ஓரத்தில் இரண்டு அம்புக்குறிகள் இருக்கும்: ஒன்று சுழலும் திசை, மற்றது காற்று போகும் திசை. அம்பு இல்லாவிட்டால், நடுவில் ஸ்டிக்கர் ஒட்டி நான்கு கம்பிகள் பிடித்திருக்கும் பக்கமாகத்தான் காற்று வெளியேறும். ஃபேனுக்குப் பின்னால் சுவர் வரை 5 செ.மீ. இடம் வேண்டும். உள்ளே வரும் காற்றுக்கு முன்பக்கக் கதவின் அடியில், முழு அகலத்துக்கும், இரண்டு செ.மீ. இடைவெளி விட்டாலே 120 சதுர செ.மீ. கிடைத்துவிடும். இந்த இடைவெளி விடாமல் ஃபேன் மட்டும் மாட்டுவது வீண். உள்ளே வழியில்லாத இடத்திலிருந்து ஃபேன் எதை இழுக்கும்? பலகைக்கும் ஃபேனுக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூப்பிலிருந்து வெட்டிய ரப்பர்த் துண்டு வைத்து முடுக்கினால் அதிர்வு மரத்துக்கு ஏறாது. உள்ளேயே ஒரு ஃபேனை வைத்து ஆம்ப்ளிஃபயர் மேல் ஊதவிடுவதும் நடக்கிறது. வெளியேற வழி இல்லாவிட்டால் அது சூட்டுக் காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும்.

ஃபேனைத் தினமும் போட்டு அணைக்க யாருக்கும் நினைவிருக்காது. எளிய வழி, டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து 5 வோல்ட் ஃபேனை ஓட்டுவது. டிவி அணைந்ததும் பெரும்பாலானவற்றில் ஃபேனும் நின்றுவிடும். 500 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்காத ஃபேனாகப் பார்த்து வாங்க வேண்டும். அதைவிடச் சரியானது, கே.எஸ்.டி. 301 என்று கேட்டால் கிடைக்கும் சிறிய வெப்பச் சுவிட்ச். 45 டிகிரி, ‘நார்மலி ஓப்பன்’ வகை, அதாவது சூடேறினால்தான் இணைப்பைத் தருவது. ஃபேனுக்குப் போகும் இரண்டு ஒயரில் ஒன்றை வெட்டி நடுவே சேர்த்து, ஆம்ப்ளிஃபயருக்கு மேலே அறைக் கூரையில் திருகிவிட்டால் வேலை முடிந்தது. சூட்டை எண்ணில் காட்டி ஃபேனைத் தானே போட்டு அணைக்கும் டபிள்யூ 1209 மாட்யூலும் உண்டு. அதில் பி-0 அமைப்பைக் குளிர்விக்கும் ‘சி’ நிலையிலும், பி-1 அமைப்பை 3-லும் வைத்து, தொடங்கும் சூட்டை 42 என்று கொடுத்தால் 42-க்கு மேல் ஓடி 39-இல் நிற்கும். 35-இல் வைத்துவிட்டுக் கத்திரியில் ஃபேன் நிற்கவே மாட்டேன் என்கிறதே என்று தவிக்க வேண்டாம். கூடமே 36 ஆக இருக்கும்போது உள்ளறை 35-க்கு இறங்காது.

அடுக்கும் முறை பற்றி ஒரு சொல். ஆம்ப்ளிஃபயர் மேல் செட்-டாப் பாக்ஸ், அதன் மேல் ரூட்டர், அதற்கும் மேல் அம்மா பின்னிய குரோஷா விரிப்பு என்று அடுக்குவது நம் வீடுகளில் சாதாரணம். கீழே இருப்பதன் சூடு முழுக்க மேலே இருப்பதன் வயிற்றில் ஏறுகிறது. அதிகம் சூடாவது மேல்தட்டில் இருக்கட்டும், அதன் தலைமேல் எதுவும் வேண்டாம். ரிசீவர்களுக்கு மேலே 30 செ.மீ., பக்கங்களில் 20 செ.மீ. என்றுகூடச் சில கையேடுகள் கேட்கின்றன. அவ்வளவு முடியாத இடத்தில் மேலே 10 செ.மீ. விடுவதைக் குறைந்தபட்சமாகக் கொள்ளலாம். செட்-டாப் பாக்ஸின் அடியில் உள்ள ரப்பர்க் கால்கள் உதிர்ந்துபோயிருந்தால் நான்கு பாட்டில் மூடிகளை ஒட்டி ஒரு செ.மீ. உயர்த்துங்கள். அடிப்பக்கத்து ஓட்டைகளும் காற்றுக்காக விட்டவைதான். தெர்மோகோல் அட்டைமேலும் வாங்கியபோது வந்த குமிழ் பிளாஸ்டிக்மேலும் வைப்பது பெட்டிக்குக் கம்பளி போர்த்துவதற்குச் சமம்.

ரிமோட்டின் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் செட்-டாப் பாக்ஸ் ஓய்ந்துவிட்டது என்று நினைக்கிறோம். பல பெட்டிகளில் படம் மட்டும்தான் நிற்கிறது. உள்ளே சிப்பும் பவர் சப்ளையும் ஏறத்தாழ அதே மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். காலையில் எழுந்து தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். இரவு படுக்கும்போது சுவரில் உள்ள சுவிட்சை அணைத்தால் நாளில் 8 மணி நேரம் அதற்கு ஆறுதல் கிடைக்கும். காலையில் போட்டதும் சேனல் வர ஒன்றிரண்டு நிமிடம் கூடுதலாகும், அவ்வளவே.

ஆம்ப்ளிஃபயர் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உள்ளூரில் அசெம்பிள் செய்து வாங்கும் 5.1 செட்டுகள் நம் ஊர்களில் ஏராளம். கடைகளில் 5200, 1943 என்று ஜோடியாகக் கேட்டு வாங்கும் டிரான்சிஸ்டர்களை 150 வாட் என்கிறார்கள். அந்த 150 வாட் அதன் முதுகுத் தகடு 25 டிகிரியில் இருந்தால்தான். 75 டிகிரி ஆகிவிட்டால் அது தாங்குவது 90 வாட். மூடிய அலமாரிக்குள் முதலிலேயே 53 டிகிரிக் காற்றில் நிற்கும் ஹீட் சிங்க், அதாவது டிரான்சிஸ்டரின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோக இதழ்த் தகடு, 75-ஐத் தொட எவ்வளவு நேரமாகும்? ஆகவே அசெம்பிள் செட்டை வாங்கும்போது வாட் எத்தனை என்று கேட்பதைவிட ஹீட் சிங்க் எவ்வளவு பெரியது, அதன் இதழ்கள் செங்குத்தாக நிற்கின்றனவா என்று பார்ப்பது பயன்தரும். இதழ்கள் படுக்கைவாட்டில் இருந்தால் அவற்றுக்கு இடையே காற்று மேலேறாது. சின்ன செட்டுகளில் வரும் டிடிஏ 2030 போன்ற ஐசிக்கள் உள்சூடு 150 டிகிரியைத் தொடும்போது தாமாகவே வாயை மூடிக்கொள்ளும். பாட்டு நின்று நின்று வருவது, பத்து நிமிடம் ஆறவிட்டால் மறுபடி பாடுவது இதனால்தான். ஐசியை மாற்றுவதற்கு முன் அதன் முதுகைப் பாருங்கள்.

முதுகுக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே மின்சாரம் கடக்காமல் தடுக்கும் ஒரு மைக்கா ஷீட்டும் வெள்ளை நிற ஹீட் சிங்க் பேஸ்ட்டும் இருக்கும். நாளாக ஆகப் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்கிறது. அந்த இடத்தில் காற்று புகுந்து சூடு கடக்காமல் தேங்குகிறது. பழையதைத் துணியால் முழுக்கத் துடைத்து, மைக்காவின் இரண்டு பக்கமும் மெல்லிய படலமாக, மைக்கா தெரியும் அளவுக்குத் தடவவேண்டும். தோசைக்கு வெண்ணெய் போல அள்ளிப் பூசினால் பேஸ்ட்டே தடையாகிவிடும். திருகை முடுக்கிய பின், மின்சாரம் கொடுப்பதற்கு முன், மல்டிமீட்டரில் டிரான்சிஸ்டர் முதுகுக்கும் ஹீட் சிங்குக்கும் தொடர்பு இல்லை என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். டிடிஏ 2030-இன் முதுகு மைனஸ் சப்ளையோடு சேர்ந்தது. மைக்கா கிழிந்திருந்தால் ஸ்விட்ச் போட்ட நொடியில் ஃபியூஸ் போகும்.

ஸ்பீக்கர் பக்கமும் சூடு பிறக்கிறது. 8 ஓம் ஸ்பீக்கருக்கென்று செய்த ஆம்ப்ளிஃபயரின் ஒரே முனையில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரை இணையாக மாட்டினால் அது 4 ஓம் ஆகிவிடும், மின்னோட்டம் இரட்டிப்பாகும். பின்பக்க முனையில் ஸ்பீக்கர் ஒயரின் ஒரே ஓர் இழை பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் போதும், சூடேறி ‘புரொடெக்ட்’ என்று காட்டி நின்றுவிடும். ஒயர் நுனிகளை முறுக்கி ஈயம் வைத்து மாட்டுங்கள்.

டிவிக்கு வருவோம். எல்.இ.டி. டிவியில் சூட்டின் பெரும்பகுதி திரைக்குப் பின்னால் உள்ள பேக்லைட் பட்டைகளிலிருந்து வருகிறது. கடையில் பளிச்சென்று தெரிவதற்காக ‘விவிட்’ நிலையில் பேக்லைட் 100-இல் வைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அது அப்படியே கிடக்கும். படம் நன்றாகத் தெரியும் அளவுக்கு 50, 60-க்குக் குறைத்தால் கரண்டும் குறையும், பட்டையின் சூடும் குறையும். ‘பிரைட்னஸ்’ என்பதைக் குறைத்தால் இது நடக்காது. பல டிவிகளில் அது படத்தின் கறுப்பை மாற்றும் அமைப்பு. ‘பேக்லைட்’ என்ற பெயரில் உள்ளதைத் தேடிக் குறைக்க வேண்டும். பட்டையில் உள்ள விளக்குகள் தோரணம் போலத் தொடராகக் கோத்தவை. ஒன்று கருகித் தொடர்பு அறுந்தால் அந்த வரிசையே இருண்டுவிடும். பல டிவிகளில் முழுத் திரையும் அணைந்துவிடும். சத்தம் வருகிறது, படம் இல்லை என்றால் அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கைத் திரைக்கு அருகில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால் பேனல் நன்றாக இருக்கிறது. பேக்லைட்டைச் சரிசெய்தால் டிவி பிழைக்கும். இது தெரியாமல் நல்ல பேனலோடு டிவியைப் பழைய இரும்புக்குப் போடுகிறவர்கள் உண்டு, அதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

சுவரில் மாட்டும் டிவிக்கு மேலும் பக்கங்களிலும் 10 செ.மீ. விடச் சொல்லிக் கையேடுகள் கேட்கின்றன. டிவி அளவுக்கே மரத்தில் குழி வெட்டி அதற்குள் பதிக்கும் அலங்காரம் இதற்கு நேர் எதிர். பின்பக்கத்துச் சூடு மேல் விளிம்பு வழியாகத்தான் வெளியேறும், அங்கேதான் மரம் முட்டி நிற்கிறது. மேற்குப் பார்த்த வெளிச்சுவரின் உட்புறத்தில் டிவியை மாட்ட வேண்டாம். பிற்பகலெல்லாம் வெயில் குடித்த ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், நாம் டிவி பார்க்கும் மாலையிலும் இரவிலும்தான் சூட்டை உள்ளே கக்கும். சன்னல் வெயில் நேராகத் திரையில் விழும் இடமும் கூடாது.

கத்திரிக் காலத்து மாலையில் வோல்டேஜ் இறங்குவதும் சூட்டோடு சேர்ந்த தொல்லைதான். இன்றைய டிவி, செட்-டாப் பாக்ஸ் அடாப்டர்கள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். ஏற்கும் என்பதால் பாதிப்பில்லை என்று பொருளல்ல. 230 வோல்ட் 170-க்கு இறங்கினால் அதே வேலைக்கு அடாப்டர் 35 சதவீதம் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது. அதன் உள்ளே மின்தடையால் வரும் சூடு இரட்டிப்பை நெருங்கும். ஸ்டெபிலைசர் வைப்பவர்கள் அதை அலமாரிக்கு வெளியே வையுங்கள், அதுவும் ஓர் அடுப்புதான். டிவிக்குப் பின்னால் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஐந்தாறு அடாப்டர்களைச் செருகி, ஒயரைச் சுருட்டிக் கட்டி மூலையில் திணிப்பதை நிறுத்த வேண்டும். பின்னைப் பிடுங்கிப் பாருங்கள். பித்தளை பழுப்பாகவோ கறுப்பாகவோ மாறியிருந்தால் அந்தத் துளையில் பிடிப்புத் தளர்ந்துவிட்டது. அதைத் தேய்த்துச் சுத்தம் செய்து மறுபடி செருகுவதில் பயனில்லை, பாக்ஸையே மாற்றுங்கள். தீப்பிடிப்பது இந்த இடத்தில்தான்.

தூசி ஊருக்கு ஊர் வேறு. சாலையோர வீட்டில் மண்தூசி. கூடத்திலேயே பூஜை அலமாரி இருந்தால் சாம்பிராணி, ஊதுவத்தி, கற்பூரப் புகை சேர்ந்து பிசுபிசுப்பான கரிப்படலமாக ஹீட் சிங்கில் ஒட்டிக்கொள்ளும். கொசுவத்திப் புகையும் அப்படியே. இது ஊதினால் போகாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பெயின்ட் பிரஷ்தான் வேண்டும், அதுவும் பிளக்கைப் பிடுங்கிச் சாதனம் முழுக்க ஆறிய பிறகு. வெறும் தூசிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காற்றோட்டத் துளைகளில் மெல்லிய பிரஷும் கை புளோயரும் போதும். உள்ளே ஃபேன் இருக்கும் சாதனத்தில் ஊதும்போது இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அது தாறுமாறாகச் சுற்றிப் பேரிங் கெடும். ஈரத்துணியைத் துளைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். டிவியின் பின்மூடியை வீட்டில் கழற்ற வேண்டாம். 230 வோல்ட் உள்ளே 325 வோல்ட் டிசியாகி ஒரு பெரிய கெபாசிட்டரில் நிற்கிறது. பிளக்கை எடுத்த பிறகும் அது சிறிது நேரம் உயிரோடு இருக்கும்.

வெதுவெதுப்பைத் தேடிப் பல்லியும் எறும்பும் கரப்பானும் வரும். பவர் சப்ளையில் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே ஒரு பல்லி விழுந்தால் போர்டு கருகும். வெட்டிய திறப்புகளுக்கு மட்டும் வலை அடியுங்கள். சாதனத்தின் துளைகள்மேல் துணியோ வலையோ ஒட்டக் கூடாது. எறும்புச் சாக்பீஸால் சாதனத்தைச் சுற்றிக் கோடு போடலாம், சாதனத்தின் மேல் மருந்து தெளிக்கக் கூடாது.

ஃபயர் ஸ்டிக் போன்றவற்றை டிவி முதுகில் நேராகச் செருகினால் டிவியின் சூட்டையும் சேர்த்துக் குடிக்கும். அதனோடு ஒரு குட்டை எச்.டி.எம்.ஐ. நீட்டிப்பு ஒயர் பெட்டியிலேயே வருகிறது, பலர் அதைத் தொடுவதே இல்லை. விளையாட்டுப் பெட்டிகளை அலமாரிக்குள் வைப்பதை மறந்துவிடுங்கள். பிளேஸ்டேஷன் 5 விளையாடும்போது 200 வாட் வரை இழுக்கும்; மேலே சொன்ன 40 வாட் கணக்கை ஐந்தால் பெருக்கிக்கொள்ளலாம். அதன் கையேடு சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி வைக்கச் சொல்கிறது. புரொஜெக்டரை அணைத்த பின் அதன் ஃபேன் நிற்கும்வரை சுவர் சுவிட்சைத் தொடக் கூடாது.

இவ்வளவையும் எழுத நேர்ந்ததற்குக் காரணம், இந்த அளவுகள் எல்லாம் கையேட்டில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கின்றன. வீட்டு அலமாரியோ டிவி வாங்குவதற்கு ஆறு மாதம் முன்பே தச்சர் கையில் முடிந்துவிடுகிறது. டிவி, ரிசீவர் தயாரிப்பாளர்கள் ஒரு காரியம் செய்யலாம். அட்டைப்பெட்டியின் வெளிப்பக்கத்தில், மேலே எத்தனை செ.மீ., பக்கத்தில் எத்தனை, பின்னால் எத்தனை என்று ஒரு படமும் தமிழில் நான்கு வரியும் அச்சிடுங்கள். நிறுவ வரும் ஊழியர்கள், மூடிய குழிக்குள் மாட்டச் சொன்னால் அந்தப் படத்தைக் காட்டி மறுக்கட்டும். உள் அலங்காரம் செய்பவர்கள் வரைபடம் போடும்போதே எந்தச் சாதனம், எத்தனை வாட் என்று வீட்டுக்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இப்போது வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள், பிளைவுட்டில் சன்மைக்கா ஒட்டுவதற்கு முன்பே அந்த 115 மி.மீ. வட்டத்தையும் கதவடி இடைவெளியையும் வெட்டச் சொல்லிவிடுங்கள். ஒட்டிய பிறகு வெட்டினால் ஓரம் பிசிறும், தச்சரும் முகம் சுளிப்பார்.

இப்படிக்கு,
டிவி, ஆடியோ பழுதுநீக்கும் தொழிலாளர்கள் சிலர்,
மதுரை.